எல்லாருக்கும் கம்ப்யூட்டர் என்று நினைத்தவர்: ஜான் கெமெனி

முதல் செமஸ்டர் பைத்தான் லேப் ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா இருக்கு. ஐந்து பாடத்தின் மார்க்கை ஒரு லிஸ்டில் போட்டு ஒவ்வொன்றாக பிரிண்ட் பண்ணச் சொன்னார்கள். நான் 1 முதல் 5 வரை லூப் ஓட்டினேன். முதல் பாடத்தின் மார்க் வரவே இல்லை. இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை வந்தது. அதுக்கப்புறம் சிவப்பு எழுத்தில் ஒரு பெரிய திட்டு: லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆச்சு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். தப்பு என்னன்னு தெரியாததை விட, தப்பைச் சொல்ற வாக்கியமே புரியாததுதான் பெரிய அவமானமா இருந்துச்சு. கம்ப்யூட்டர் நமக்கானது இல்லையோன்னு அன்னைக்கு ஹாஸ்டல் வரைக்கும் யோசிச்சிக்கிட்டே நடந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே வாழ்ந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் ஜான் கெமெனி. பேசிக் என்ற நிரல்மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். பேசிக் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம், வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் அதை உருவாக்கியவரின் கதை அவ்வளவாகத் தெரியாது. இந்த இதழில் அவரைப் பார்ப்போம்.

புடாபெஸ்டிலிருந்து நியூயார்க் வரை

1926 மே 31 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கெமெனி. அப்பா ஏற்றுமதி இறக்குமதி வியாபாரி. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் அப்பாவுக்கு அடுத்து என்ன வரும் என்பது புரிந்துவிட்டது. ஆஸ்திரியா பக்கத்து நாடு. அவர் முதலில் தனியாக அமெரிக்கா போனார். அங்கே காலூன்றிக்கொண்டு 1940-ன் தொடக்கத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார். தாத்தா மட்டும் ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். அவரும் வேறு சில உறவினர்களும் நாஜிப் படுகொலையில் உயிரிழந்தார்கள்.

நியூயார்க்கில் வந்து இறங்கியபோது கெமெனிக்கு 13 வயது. ஆங்கிலம் கிட்டத்தட்ட தெரியாது. ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பாஷை தெரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்னு நம்மில் சிலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்கு மட்டும் அவருக்கு எந்த ஊரிலும் ஒரே கணக்காக இருந்தது. மூன்றே வருடத்தில் அந்தப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனார்.

படிப்பு நடுவிலேயே ராணுவம் அழைத்தது. 1945-ல் நியூ மெக்சிகோவில் உள்ள லாஸ் அலமோஸுக்கு அனுப்பப்பட்டார். அணுகுண்டு தயாரான அதே இடம்தான். அவர் போட்ட வேலை கணக்கீட்டுப் பிரிவில். அந்தப் பிரிவின் தலைவர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே ஃபெய்ன்மன்.

அங்கே இன்றைய பொருளில் கம்ப்யூட்டர் கிடையாது. அலுவலகக் கணக்கு வழக்குக்குப் பயன்படும் ஐபிஎம் மெஷின்கள் 17 இருந்தன. துளையிட்ட அட்டைகளை ஒரு மெஷினிலிருந்து எடுத்து அடுத்ததில் போட வேண்டும், அதிலிருந்து எடுத்து அதற்கடுத்ததில். சுமார் 20 பேர், மூன்று ஷிஃப்ட், 24 மணி நேரமும், வாரத்துக்கு ஆறு நாள். ஒரே ஒரு சமன்பாட்டுக்கு விடை காண வாரக்கணக்கில் ஆகும். அந்த அறையில் 19 வயதுப் பையனாக இரவு பகலாக அட்டை சுமந்ததை கெமெனி கடைசி வரை மறக்கவில்லை. ஒரு கால் நூற்றாண்டு கழித்து அவரே ஒரு ஒப்பீடு செய்தார்: லாஸ் அலமோஸில் அத்தனை பேரும் அத்தனை மெஷினும் சேர்ந்து ஒரு வருடம் செய்த வேலையை, டார்ட்மவுத் கல்லூரியின் ஒரு சாதாரண மாணவர் ஒரே மதியத்தில் முடித்துவிட முடியும். அதுவும் அதே நேரத்தில் அதே கம்ப்யூட்டரை நூறு பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே.

லாஸ் அலமோஸில் இன்னொன்றும் நடந்தது. அவரைப் போலவே புடாபெஸ்டில் பிறந்த ஜான் வான் நியூமன் அங்கே ஒரு உரை நிகழ்த்தினார். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், முழுக்க மின்னணுவில் இயங்கும் ஒரு இயந்திரம் எப்படி இருக்கும் என்பதுதான் பேச்சு. கையில் அட்டைக்கட்டுடன் திரிந்த பையனுக்கு அது கனவு மாதிரி இருந்தது. அப்படி ஒரு மெஷினைத் தன் வாழ்நாளில் தொட்டுப் பார்ப்போமா என்று யோசித்தாராம்.

ஐன்ஸ்டைனுக்குக் கணக்கு உதவி

போர் முடிந்து பிரின்ஸ்டனுக்குத் திரும்பினார். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி அலோன்சோ சர்ச். லாம்டா கால்குலஸ் என்று ஆட்டோமேட்டா தியரி வகுப்பில் பெயர் அடிபடுமே, அதைக் கொடுத்தவர். 1949-ல் பட்டம் கிடைத்தது. அப்போது கெமெனிக்கு 23 வயது.

அதே சமயத்தில் 1948-49-ல் ஐன்ஸ்டைனின் உதவியாளராகவும் இருந்தார். ஐன்ஸ்டைனுக்கே உதவி பண்ற அளவுக்கு உங்களுக்கு இயற்பியல் தெரியுமான்னு பலர் கேட்பார்களாம். ஐன்ஸ்டைனுக்கு இயற்பியலில் யார் உதவியும் தேவைப்படவில்லை, கணிதத்தில்தான் தேவைப்பட்டது என்று கெமெனி வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

1953-ல் அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்ற சின்ன ஊரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரி அவரைப் பேராசிரியராக எடுத்தது. வயது 27. இரண்டே வருடத்தில் கணிதத் துறைத் தலைவர். நம்ம ஊரில் அந்த வயதில் பிஎச்டி கவுன்சிலிங்குக்கு ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருப்போம்.

துறைத் தலைவரானதும் அவர் செய்த முக்கியமான வேலை, நல்ல இளம் ஆட்களைத் தேடிப் பிடித்தது. 1955-ல் ஜான் மெக்கார்த்தி அந்தத் துறையில் சேர்ந்தார். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்குப் பெயர் வைத்த 1956 கோடைக் கூட்டம் டார்ட்மவுத்தில் நடந்ததற்கு மெக்கார்த்திதான் காரணம். பிறகு எம்ஐடிக்குப் போய் 1958-ல் லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். லிஸ்ப் என்றாலே லிஸ்ட் ப்ராசஸிங் என்பதன் சுருக்கம்தான். 1956-ல் சேர்ந்த இன்னொருவர் தாமஸ் கர்ட்ஸ், புள்ளியியல் ஆள். கெமெனியின் வாழ்க்கையில் பாதி இனி கர்ட்ஸோடு சேர்ந்தது.

ரயிலில் போன நிரல்கள்

டார்ட்மவுத்தில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை. அருகில் இருந்தது சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி எம்ஐடியில் இருந்த ஐபிஎம் 704. கர்ட்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துளையிட்ட அட்டைகளை ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவார். பாஸ்டனில் இறங்கி அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். நிரலில் தப்பு இருந்தால் அட்டையைத் திருத்தி மறுபடி கொடுக்கணும். எல்லாம் முடிந்து திரும்பினால், அடுத்த பயணம் இன்னும் இரண்டு வாரம் கழித்து.

யோசிச்சுப் பாருங்க. என் லேப் தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு என்று சொன்னேன். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நான் ஐம்பது தடவையாவது ரன் கொடுத்திருப்பேன். கர்ட்ஸுக்கு மாசத்துக்கு இரண்டு பயணம்தான். தப்பு பண்ணிப் பண்ணித்தான் நிரல் எழுதக் கற்க முடியும். தப்பு பண்ண வாய்ப்பே கொடுக்காத ஏற்பாட்டில் யாரும் கற்க முடியாது. கெமெனிக்கும் கர்ட்ஸுக்கும் இது ரொம்ப சீக்கிரமே புரிந்துவிட்டது.

1959-ல் டார்ட்மவுத்துக்கு எல்ஜிபி-30 என்ற சின்ன கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மேஜை அளவு. நினைவகம் 4096 சொற்கள் மட்டுமே. அதை மாணவர்கள் கையில் விட்டுவிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் நிபுணர் குழு வைத்துச் செய்யும் கம்பைலரை, இளங்கலை மாணவர்கள் இந்தச் சின்ன மெஷினில் எழுதிக் காட்டினார்கள். பையன்களிடம் மெஷினைக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. கெமெனி மாணவர்களோடு சேர்ந்து சில எளிய மொழிகளை முயன்றும் பார்த்தார். 1962-ல் வந்த டோப் என்பது அதில் ஒன்று. எதுவும் நிலைக்கவில்லை. ஆனால் எது கஷ்டம், எது எளிது என்று பாடம் கிடைத்தது.

பிறகு இரண்டு யோசனைகள் ஒன்று சேர்ந்தன. முதலாவது கர்ட்ஸுடையது: டார்ட்மவுத்தில் அறிவியல் படிப்பவர்கள் கால்வாசிப் பேர்தான். மீதிப் பேர் வரலாறு, பொருளாதாரம், இலக்கியம் படிப்பவர்கள். நாளைக்கு முடிவு எடுக்கும் இடத்தில் உட்காரப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆகவே கம்ப்யூட்டர் எல்லா மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது மெக்கார்த்தி சொன்னது: ஒரே கம்ப்யூட்டரின் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பலருக்குப் பங்கு போடுங்கள். அதுதான் டைம் ஷேரிங். ஒவ்வொருவருக்கும் முழு மெஷினும் தன்னுடையது என்றே தோன்றும்.

நூலகத்தில் புத்தகம் எடுக்க யாரும் காசு கேட்பதில்லை, ஏன் எடுக்கிறாய் என்றும் கேட்பதில்லை. கம்ப்யூட்டரும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கெமெனியின் கொள்கை. கம்ப்யூட்டர் நேரத்துக்கு நிமிஷக் கணக்கில் காசு வாங்கிய காலத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்.

1964 மே 1, காலை நான்கு மணி

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜிஇ-225 கம்ப்யூட்டரும், தொலைஅச்சு முனையங்களைப் பார்த்துக்கொள்ள டேட்டாநெட்-30 என்ற இன்னொரு மெஷினும் 1964 தொடக்கத்தில் வந்தன. பேசிக் மொழியின் கம்பைலரை எழுதியது கெமெனியே. துறைத் தலைவர், புத்தகம் எழுதியவர், ஐன்ஸ்டைனோடு வேலை பார்த்தவர், ராத்திரி உட்கார்ந்து கம்பைலர் எழுதினார். நேரத்தைப் பங்கு போடும் இயங்குதளத்தை எழுதியது ஜான் மெக்கீச்சி, மைக் புஷ் என்ற இரண்டு இளங்கலை மாணவர்களின் தலைமையில் ஒரு மாணவர் குழு. நம்ம வயசு பசங்கதான்.

1964 மே 1. காலை நான்கு மணி. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், இரண்டு முனையங்களில் ஒரே நேரத்தில் ரன் என்று அடித்தார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது. பேசிக் பிறந்தது அப்படித்தான்.

பட்டியல் என்ற பாடம்

முதல் பேசிக்கில் மொத்தமே பதினைந்து வகைக் கட்டளைகள்தான். லெட், பிரிண்ட், ரீட், டேட்டா, இஃப், ஃபார், நெக்ஸ்ட் மாதிரி. கணக்கு வகுப்பின் நடுவே இரண்டு விரிவுரை நடத்துவார்கள், பிறகு ஒரு சின்னக் கையேடு. அதுக்கப்புறம் மாணவர் தானாக முனையத்தில் உட்காரணும். அந்தக் கையேட்டில் ஒரு பகுதியின் தலைப்பே பட்டியல்களும் அட்டவணைகளும் என்பதுதான். அர்ரே, வெக்டர், மேட்ரிக்ஸ் என்று மிரட்டவில்லை. மளிகைச் சாமானுக்குப் போடுவோமே, அந்த லிஸ்ட். ரயில் நேரம் பார்ப்போமே, அந்த அட்டவணை. வரலாறு படிக்கும் மாணவருக்கும் புரியும் சொல்.

லிஸ்ட் எதுக்கு என்பதை அந்தக் காலத்துப் பேசிக்கிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மார்க்குகள்: 72, 65, 81, 90, 58. சராசரி மட்டும் வேண்டுமென்றால் லிஸ்டே தேவையில்லை. ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் கூட்டிக்கொண்டே போய் ஐந்தால் வகுத்தால் போதும். படித்த எண்ணை மறந்துவிடலாம். ஆனால் சராசரிக்கு மேலே எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால்? சராசரி தெரிவதற்குள் எல்லா எண்ணும் கடந்து போயிருக்கும். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் லிஸ்ட்.

10 லெட் எஸ் = 0
20 ஃபார் ஐ = 1 டூ 5
30 ரீட் எம்(ஐ)
40 லெட் எஸ் = எஸ் + எம்(ஐ)
50 நெக்ஸ்ட் ஐ
60 லெட் ஏ = எஸ் / 5
70 ஃபார் ஐ = 1 டூ 5
80 இஃப் எம்(ஐ) <= ஏ தென் 100
90 பிரிண்ட் ஐ, எம்(ஐ)
100 நெக்ஸ்ட் ஐ
110 டேட்டா 72, 65, 81, 90, 58
120 எண்ட்

எம் என்பது லிஸ்டின் பெயர். எம்(1) முதல் பெட்டி, எம்(2) இரண்டாவது பெட்டி. அடைப்புக்குறிக்குள் எண்ணுக்குப் பதிலாக ஐ என்று போட்டதுதான் மொத்த மந்திரமும். ஐ மாற மாற, ஒரே வரி வேறு வேறு பெட்டியைத் தொடுகிறது. கூட்டுத்தொகை 366, சராசரி 73.2. இரண்டாவது லூப்பில் சராசரியைத் தாண்டாதவர்களை 80-வது வரி நேராக 100-க்கு அனுப்பிவிடுகிறது. மிச்சம் பிரிண்ட் ஆவது 3-வது ஆள் 81, 4-வது ஆள் 90. அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? எம் என்ற லிஸ்டை நாம் எங்கேயும் அறிவிக்கவே இல்லை. பத்துப் பெட்டி வரைக்கும் பேசிக் தானாகவே இடம் ஒதுக்கிவிடும். அதுக்கு மேல போனால்தான் டிம் என்ற கட்டளை வேண்டும். அறுபது பேர் வகுப்புக்கு டிம் எம்(60) என்று ஒரு வரி. முதல் நாள் வரும் மாணவர் போடும் கணக்கில் அநேகமாக பத்துக்கு மேல் எண் இருக்காது. அவர் நினைவக ஒதுக்கீடு பற்றியெல்லாம் முதல் நாளே தெரிந்துகொள்ளத் தேவையில்லை. தேவை வரும்போது கற்றுக்கொண்டால் போதும். கெமெனி ஒரு ஆசிரியர் என்பது இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது.

இன்னொன்று. முதல் பதிப்பில் லிஸ்ட் 1-லிருந்து தொடங்கியது, நாம் சாதாரணமாக எண்ணுவது மாதிரியே. அதே வருடம் அக்டோபரில் வந்த இரண்டாவது பதிப்பில் 0-வது பெட்டியும் சேர்ந்தது. பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களை லிஸ்டில் வைக்கும்போது இது வசதி: எக்ஸின் அடுக்கு 0-க்கான கெழு 0-வது பெட்டியில், அடுக்கு 1-க்கானது 1-வது பெட்டியில் என்று அழகாக உட்காரும். ஆக, என்னைக் காலை வாரிய அந்த பூஜ்ஜியம் பழைய பிரச்சினைதான். ஐந்து மார்க் இருந்தால் பைத்தானில் இண்டெக்ஸ் 0 முதல் 4 வரை. 5 என்று கேட்டால் அது இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது. வரம்பைத் தாண்டிவிட்டாய் என்றுதான் மெஷின் சொன்னது. திட்டவே இல்லை.

பேசிக்கின் லிஸ்டுக்கும் இன்றைய பைத்தான் லிஸ்டுக்கும் வித்தியாசமும் உண்டு. அங்கே அளவு முன்கூட்டியே முடிவானது, எண்கள் மட்டுமே வைக்கலாம், பெயர் ஒற்றை எழுத்துதான். பைத்தானில் அப்பெண்ட் போட்டு வளர்த்துக்கொண்டே போகலாம், எண்ணையும் சொல்லையும் ஒரே லிஸ்டில் கலந்து வைக்கலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை: ஒரு பெயர், பல பெட்டிகள், பெட்டிக்கு ஒரு எண்.

டார்ட்மவுத் பேசிக்குக் காசு வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகள் தொலைபேசி இணைப்பு வழியாக டார்ட்மவுத் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தின. 1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சின்ன கம்ப்யூட்டருக்கு எழுதியதும் ஒரு பேசிக்தான். 80-களில் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே பேசிக் வந்து நிற்கும். 1984-ல் இந்திய அரசு பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்த கிளாஸ் திட்டம் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது.

கல்லூரித் தலைவர்

1970-ல் கெமெனி டார்ட்மவுத்தின் 13-வது தலைவரானார். பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில் சோதனை. வியட்நாம் போர் கம்போடியாவுக்குப் பரவியது. மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் மீது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். நாடெங்கும் கல்லூரிகள் கொதித்தன. கெமெனி போலீஸைக் கூப்பிடவில்லை. வழக்கமான வகுப்புகளை அந்த வாரம் நிறுத்திவிட்டு, நாட்டில் நடப்பதைப் பற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்று அறிவித்தார். டார்ட்மவுத் அமைதியாகவே இருந்தது.

எல்லாருக்கும் கம்ப்யூட்டர் என்று சொன்ன இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டார்ட்மவுத் 1769-லிருந்து ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி. எல்லாரும் என்ற சொல்லில் பாதிப் பேர் இல்லை. பழைய மாணவர்களின் கடும் எதிர்ப்பை மீறி, 1972-லிருந்து பெண்களும் பட்டப்படிப்பில் சேர வழி செய்தார். அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் கல்விக்காக என்று சொல்லித்தான் அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டாக அந்த வாக்கை யாரும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. கெமெனி வந்த பிறகுதான் பூர்வகுடி மாணவர்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

தலைவராக இருந்த காலத்திலும் அவர் வகுப்பெடுப்பதை விடவில்லை. கோப்புகளுக்கு நடுவே கணக்கு வகுப்புக்குப் போய்விடுவார்.

நூறு அலாரம்

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து. ஜனாதிபதி கார்ட்டர் 12 பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். தலைவர் கெமெனி. ஆறே மாதத்தில் அறிக்கை கொடுத்தார்கள்.

மெஷின் பழுதானது என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, மூடு என்ற கட்டளை போனதை மட்டும்தான் காட்டியது, வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. முதல் சில நிமிஷத்தில் நூறுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அலாரங்களைப் பட்டியல் போட்டு அச்சடிக்கும் கம்ப்யூட்டர் பிரிண்டர், ஒரு கட்டத்தில் நடப்புக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. அடிப்படைப் பிரச்சினை மனிதர்கள் சார்ந்தது, அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியும் அவர்களைச் சுற்றி அமைத்த ஏற்பாடும் சரியில்லை என்று அறிக்கை சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு பேசிக் கையேடுதான் ஞாபகம் வந்தது. லிஸ்ட் போடுவது பாதி வேலை. அதைப் பார்க்கப் போகிற மனிதருக்கு, தேவையான நேரத்தில், தேவையான பெட்டி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறு வரி இருந்தும் பிரயோஜனமில்லை. பதினைந்து வருடம் முன்பு முதலாண்டு மாணவருக்காக யோசித்த அதே ஆள்தான், அணு உலையின் ஆபரேட்டருக்காகவும் யோசித்தார்.

கடைசி வருடங்கள்

1981-ல் தலைவர் பதவியிலிருந்து விலகி மறுபடி முழு நேர ஆசிரியரானார். அதற்குள் சந்தையில் எத்தனையோ வகை பேசிக் வந்துவிட்டன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. சின்ன மெஷின்களில் அடக்குவதற்காக நல்ல அம்சங்களை வெட்டி எறிந்திருந்தார்கள். கோடூ போட்டுக் குதித்துக் குதித்து எழுதும் பழக்கத்தை பேசிக் வளர்க்கிறது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா போன்ற அறிஞர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. மேலே நாம் போட்ட நிரலிலேயே 80-வது வரி குதிக்கத்தானே செய்கிறது! கெமெனியும் கர்ட்ஸும் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. 1983-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, வரி எண் இல்லாமலே ஒழுங்காக எழுதக்கூடிய ட்ரூ பேசிக் என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். வியாபாரத்தில் அது பெரிதாக ஓடவில்லை. ஆனால் தான் செய்த பொருளில் குறை என்றால் அறுபது வயதை நெருங்கும்போதும் உட்கார்ந்து திருத்தலாம் என்று காட்டிவிட்டார்கள்.

1992 டிசம்பர் 26 அன்று கெமெனி இறந்தார். வயது 66. கர்ட்ஸ் 2024 நவம்பர் வரை வாழ்ந்தார்.

நண்பர்களே, இன்று யாரும் நமக்குப் பேசிக் நடத்தப்போவதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு முதலாண்டு மாணவர் யாரையும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தப்பாக ஒரு நிரல் எழுதி, ரன் கொடுத்து, உடனே பதில் வாங்கி, திருத்தி மறுபடி ரன் கொடுக்கலாம் என்பது இயற்கையாக வந்த வசதி இல்லை. பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கிய ஒரு பையன், பின்னாளில் இரவெல்லாம் கண்விழித்து ஏற்படுத்திக் கொடுத்தவற்றில் ஒன்று அது.

இந்த வருடம் ஜூனியர்ஸ் வந்துவிட்டார்கள். லேபில் யாராவது சிவப்பு எழுத்தைப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்பார்கள். அதில் ஒருவர் தமிழ் மீடியமாகவும் இருக்கலாம். பக்கத்தில் போய் உட்காருங்க. எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குது தம்பி, அவ்வளவுதான் விஷயம்னு தமிழிலேயே சொல்லிக் கொடுங்க. எனக்கு அன்னைக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா, ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.